மஞ்சளின் முறை முடிந்தது

எங்கள் குப்பத்தில் போனுக்கு ஒழுங்காக சிக்னல் கிடைக்கும் இடம் ஒன்றுதான். ஏரிக்கு நடுவே, தண்ணீர் வற்றும் நேரத்தில் தலைகாட்டும் ஒரு மணல்திட்டு. வீட்டுக்குள் கிடைக்காது. கோயில் பக்கம் கிடைத்தாலும் பாதியில் அறுந்துவிடும். அதனால் என் நைனா, புண்பட்ட காலில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, சித்தப்பாவின் சின்னப் படகைக் கேட்டு வாங்கி, கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு அங்கே போவார். மணலில் நின்று போனைத் திறந்து தன் பணத்தைப் பார்ப்பார். அது வட்டமாக இருக்கும். மஞ்சள், நீலம், பச்சை என்று மூன்று துண்டு.

கரையில் நின்று பார்த்தால் அவர் தண்ணீரின் மேல் நிற்பதுபோலத் தெரியும். நடுப்பகலில் எங்கள் ஏரிக்கு விளிம்பு கிடையாது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. தூரத்தில் பூநாரைகள் ஒரு அழுக்கு ரோஜா நிறத்தில் மிதக்கும். அவற்றுக்கு நடுவே லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு மனுஷன், வெயிலில் திரை தெரியாததால் துண்டைத் தலைமேல் கூடாரமாகப் போட்டுக்கொண்டு குனிந்து நிற்பார். யாராவது படம் எடுத்திருந்தால் அழகு என்று சொல்லியிருப்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும்.

அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என் வேலை. சென்னையில் ஒரு சின்ன கம்பெனி. நியூரல் நெட்வொர்க் வைத்து மக்களின் முதலீட்டைப் பிரித்துப் போடுவதுதான் அங்கே தொழில். பெரிய மாயமெல்லாம் இல்லை. பல வருடத்துப் பழைய விலைகளை ஒரு கம்ப்யூட்டர் அமைப்புக்குள் கொட்டுகிறோம். அது அடுக்கு அடுக்காகக் கணக்குப் போட்டுத் தானாகவே ஒரு பழக்கத்துக்கு வருகிறது. இந்த மாதம் தங்கத்தில் இவ்வளவு, பங்குகளில் இவ்வளவு, கடன் பத்திரத்தில் இவ்வளவு என்று சொல்கிறது. ஏன் என்று கேட்டால் அதற்குச் சொல்லத் தெரியாது. எங்களுக்கும் சொல்லத் தெரியாது. அது எடுக்கும் முடிவு கோணலாகப் போகிறதா என்று தினமும் பார்ப்பது என் வேலை. காலையில் பஸ் பிடித்து மீஞ்சூர் போய், அங்கிருந்து ரயில். திரும்பி வரும்போது பெட்டியில் பாதிப்பேர் தூங்குவார்கள். நானும் தூங்குவேன். கண்ணை மூடினால் திரையில் பார்த்த கோடுகள் ஏரிக்குள் இறால் மாதிரி வளைந்து வளைந்து ஓடும். பிடிக்கப் போனால் கண்ணாடி மாதிரி நழுவும். விழித்துப் பார்த்தால் மீஞ்சூர் தாண்டியிருக்கும். அப்படி எத்தனையோ தடவை பொன்னேரி வரை போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

நைனாவின் பணம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். திருக்கை முள் பாதத்தில் ஏறியது. புண் சீழ்பிடித்து உள்ளே போய்விட்டது. இந்தப் பருவம் முழுக்கத் தண்ணீரில் காலை வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படகு கரையில் கிடந்து காய்ந்தது. காய்ந்தால் ஃபைபர் வெடிக்கும். நல்ல விலைக்குக் கேட்டு ஒருவர் வந்ததும், இன்ஜினோடு சேர்த்து விற்றுவிட்டார். அடுத்த சீட்டுக்குள் புதுப் படகு வாங்கிவிடலாம் என்று எண்ணம்.

சீட்டு என்றால் பாட்டுச் சீட்டு. ஏரியில் இறால் ஓடும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். அந்த இடங்களைத்தான் பாடு என்போம். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் முறை வைத்திருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை பேரெழுதிக் குலுக்கி வரிசை போடுவார்கள். இன்று நல்ல இடம் இவருக்கு, நாளை அடுத்தவருக்கு. நேற்று கூடை கூடையாக அள்ளினவர் இன்று ஒதுங்கி நிற்பார். கெட்டிக்காரன், சோம்பேறி என்ற பேச்சே கிடையாது. ஆனால் சீட்டுப் போடும் நாளில் சொந்தமாகப் படகும் வலையும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வருஷம் பேர் கிடையாது. மற்றவன் படகில் கூலிக்குத்தான் போக வேண்டும். நைனா வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கூலிக்குப் போனதில்லை. அதுதான் விஷயம். வேறு எதைப் பற்றியும் அவர் கவலைப்படவில்லை, கால் உட்பட.

பணத்தை பாங்கிலேயே போட்டு வைத்திருக்கலாம். ஆனால் அந்த வருஷம் விலைவாசி மாதாமாதம் ஏறியது. டீசல், ஐஸ், வலைநூல், அரிசி எல்லாமே. நான் வீட்டில் அதைப் பற்றிப் பேசினது என் தப்பு என்று அம்மா இன்றும் சொல்கிறாள்.

"பாங்கில வெச்சா கரைஞ்சி போவும்னு நீதான சொன்ன?" என்று நைனா பிடித்துக்கொண்டார். "உன் மிஷின்ல போடு."

"அது மிஷின் இல்ல நைனா."

"இன்னாவோ. ஊர்க்காரன் துட்ட எல்லாம் பாத்துக்குதில்ல? என் துட்ட மட்டும் பாக்காதா?"

அம்மா அடுப்படியிலிருந்தே கத்தினாள். "நாலு சவரன் வாங்கி என் கழுத்துல போடு. எந்த மிஷினும் வாணாம். வேணுங்கறப்ப வித்துக்கோ."

"உன் கழுத்துல போட்டா திரும்பி வருமா? போன தபா போட்டது எங்க கீது?"

"உன் இன்ஜினுக்குத்தான் போச்சி! மறந்துட்டியா? அப்ப தெரிலயா கழுத்து?"

இரண்டு பேரும் அப்படியே போனார்கள். எனக்கு அந்தப் பணத்தைத் தொடவே இஷ்டமில்லை. என் சம்பளத்தில் வீடு ஓடிக்கொண்டிருந்தது, மிச்சம் பிடிக்க வழியில்லை. வேறு யோசனையும் எனக்குத் தோன்றவில்லை. கணக்கு திறந்து கொடுத்தேன்.

முதல் மாதத்தில் மூன்று நிறமும் ஏறக்குறைய சமமாக இருந்தன. நைனாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று சாயங்காலம் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் போனைக் காட்டிப் பெருமை அடித்தார். சித்தப்பா அவருக்குத் தம்பி. எதையும் நம்பாத ஆள்.

"மூணு பாட்டுல எறக்கிகீதுடா. ஒண்ணுல வராட்டியும் இன்னொண்ணுல வரும்."

"வட்டம் நல்லாதான் கீது. இதுல இறால் எங்க?"

"போடா. மஞ்ச தங்கம். நீலம் கம்பேனி. பச்ச கவர்மெண்டு."

"கவர்மெண்டுல போட்டியா? அப்ப வந்தா மாதிரிதான்."

இரண்டாம் மாதம் மஞ்சள் பெருத்தது. மூன்றாம் மாதம் இன்னும் பெருத்தது. விலைவாசி ஏறும் காலத்தில் கடன் பத்திரம் இளைக்கும், பங்குகள் தடுமாறும், தங்கம் நிமிரும் என்று எங்கள் நெட்வொர்க் தன் பாட்டுக்குக் கண்டுபிடித்திருந்தது. எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. அது படித்த பழைய விலைகளில் பெரும்பாலானவை விலைவாசி அடங்கியிருந்த வருஷங்களில் வந்தவை. முகத்துவாரம் திறந்திருந்த காலத்து ஏரியை மட்டும் பார்த்துவிட்டு, மண் மூடின காலத்தில் மீன் எங்கே நிற்கும் என்று சொல்வது மாதிரி. ஆபீஸில் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் இருக்கவில்லை. சொன்னேன், சிரித்தார்கள்.

மணல்திட்டிலிருந்து நைனாவின் போன் வரும். நான் ஆபீஸில் இருப்பேன். பின்னால் காற்றும் பறவையும் கேட்கும். அந்தச் சத்தத்தில் ஏசி அறை ஒரு நிமிஷம் கலைந்து போகும். என் மேஜை, திரை, பக்கத்து ஆளின் டீ எல்லாம் உப்புக்காற்றில் ஆடுவதுபோல இருக்கும்.

"இன்னாமா இது, மஞ்ச மட்டும் ஊதிகினே போவுது?"

"தங்கம் ஏறுது நைனா. நல்லதுதான்."

"அதான் ரெண்டு மாசம் அதுக்குத்தான முறை ஓடிச்சி? நீலத்துக்கு எப்ப?"

"முறையெல்லாம் கெடையாது. எது நல்லா போவும்னு தோணுதோ அதுல போடும்."

"நல்லா போறவனுக்கே நல்ல எடம்னா, மத்தவன் இன்னா மண்ணு திம்பானா?"

"நைனா, நீலம் ஆளு இல்ல."

"தெரியும் தெரியும். எனக்கு அவ்ளோ கூடவா தெரியாது?" என்று வைத்துவிட்டார்.

தெரியாது. அதுதான் நடந்தது. எங்கள் ஆப்பில், நெட்வொர்க் சொல்லும் பிரிப்பை மாதம் ஒரு தடவை வாடிக்கையாளருக்கு அனுப்புவோம். 'சரி' அழுத்தினால் அப்படியே நடக்கும். 'வேண்டாம்' அழுத்தினால் நிறங்களை விரலால் இழுத்து நாமே மாற்றிக்கொள்ளலாம். யாரும் அதைச் செய்வதில்லை. பணம் போட்டவர்களில் பாதிப்பேர் அந்தச் செய்தியைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் கோணல் தேடும் வேலையில் ஒரு கணக்கு கண்ணில் பட்டது. நெட்வொர்க் மஞ்சள் என்கிறது, கணக்கு நீலமாக நிற்கிறது. அடுத்த மாதம் மறுபடி மஞ்சள் என்கிறது, கணக்கு பச்சையாகிறது. அதற்கடுத்து மஞ்சளுக்கே திரும்புகிறது. ஏதோ பழுது என்று நினைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தால் நைனாவின் கணக்கு.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் கத்தினேன். "யாரு உன்ன நோண்டச் சொன்னது? அது இவ்ளோ கணக்குப் போட்டுச் சொல்லுது, நீ விரலால இழுத்து வுடற!"

நைனா வாசலில் உட்கார்ந்து காலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "மஞ்சளுக்கு முறை முடிஞ்சிது. நீலத்த எறக்கினேன். நீலம் முடிஞ்சி பச்ச. அத்த போய் ஒரு தப்புன்ற."

"நீலம் எறங்கிச்சில்ல அந்த மாசம்?"

"எறங்கிச்சி. எல்லா முறையிலயும் இறால் வருதா? அடுத்த முறை வரும்."

"இது ஏரி இல்ல நைனா."

"எத்தினி தபா சொல்லுவ? எனக்கும் கண்ணு கீது."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தது எனக்கு இன்னும் கோபம். இந்த உலகத்தில் யாருக்கும் வராத யோசனை இது. ஏறினதை வைத்துக்கொள்ள நினைப்பார்கள், இல்லை பயந்து விற்பார்கள். இவர் இரண்டும் செய்யவில்லை. தங்கத்தை ஒதுங்கி நிற்கச் சொன்னார், அடுத்தவன் வலை கட்டட்டும் என்று. எங்கள் ஏரியில் பிறந்தவனைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது.

சீட்டு நெருங்கியது. கால் ஆறிவிட்டது, லேசாகச் சாய்ந்து நடந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் நானும் படகு கட்டும் பட்டறைக்குப் போனோம். கூரைக்குக் கீழே பாதி முடிந்த படகுகள் வெள்ளையாகக் கவிழ்ந்து கிடந்தன. ரெசின் வாசனையில் தலை லேசாகச் சுற்றியது. வெளிச்சம் ஃபைபருக்குள் புகுந்து, பெரிய பெரிய முட்டைகளுக்கு நடுவே நடக்கிற மாதிரி இருந்தது. நைனா ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். ஒன்றின் முன்மூக்கில் கையை வைத்து வெகுநேரம் நின்றார்.

பட்டறைக்காரர் விலை சொன்னார். நாங்கள் போன தடவை கேட்ட விலை இல்லை அது.

"இன்னாபா, ஒரேடியா ஏத்திட்ட?"

"நான் ஏத்தலண்ணா. ரெசின் ஏறிச்சி, ஃபைபர் துணி ஏறிச்சி, ஆளு கூலி ஏறிச்சி. இன்ஜின் வெல கேட்டியா? கேக்காத. வீட்டுக்குப் போய் நல்லா சாப்ட்டுட்டு வந்து கேளு."

கேட்டோம். படகு வாங்கலாம். இன்ஜினுக்குப் பணம் இடிக்கிறது, அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் ஆபீஸில் உட்கார்ந்து அதை ஒழுங்காகப் போட்டேன். நைனா விரலால் இழுக்காமல், நெட்வொர்க் சொன்னபடியே விட்டிருந்தால் எவ்வளவு இருக்கும்? அவரைத் திட்டுவதற்காகவே போட்டேன், மறைப்பானேன். விடை வந்தது. கூடுதலாக ஒரு ஐஸ்பெட்டி வாங்கியிருக்கலாம். அவ்வளவுதான். இன்ஜின் அப்போதும் வந்திருக்காது.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் நெட்வொர்க் தோற்கவில்லை. அதற்கு நாங்கள் கொடுத்த வேலையை அது செய்திருந்தது. விலைவாசி ஏற்றம் என்று மாதாமாதம் ஒரு எண் வருகிறதே, அதைத் தாண்டு என்று சொல்லியிருந்தோம். தாண்டிவிட்டது. நைனாகூட முறை வைத்தே தாண்டிவிட்டார். அந்த எண்ணுக்குள் அரிசி இருக்கிறது, பால் இருக்கிறது, வாடகை, பஸ் டிக்கெட் எல்லாம் இருக்கிறது. படகு இன்ஜின் எங்கோ ஒரு மூலையில் இருக்கலாம், தெரியவில்லை. ஆனால் என் நைனா அந்தப் பணத்தில் அரிசி வாங்கப் போவதில்லை. அவருக்கு விலைவாசி என்பது ஒரே ஒரு பொருள். அது அந்த எண்ணைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"சரிங்க, அதுக்கு?" என்றார்.

"எதுக்காக சேக்கறீங்கன்னு கேட்டுட்டு, அந்தப் பொருளோட விலைய வெச்சு பழக்கணும் சார். ஒருத்தர் பொண்ணு காலேஜுக்கு சேப்பாரு, ஒருத்தர் மருந்துக்கு. எல்லாருக்கும் ஒரே நம்பர் எப்படி?"

"உங்கப்பா படகுக்குன்னு தனியா ஒரு மாடல் போடச் சொல்றீங்களா?"

"ஆமா."

"நீங்க சீரியஸாவா பேசறீங்க?"

"நான் எப்ப சார் சிரிச்சிருக்கேன்?"

அவர் சிரித்தார். நல்ல மனுஷன்தான். அந்த யோசனையை எழுதித் தரச் சொன்னார். தந்தேன். அது எங்கே போனது என்று தெரியாது.

நைனா பணம் முழுவதையும் வெளியே எடுக்கச் சொன்னார். எடுத்துப் படகு வாங்கினார். கம்பெனி கணக்கில் பிசிறு மாதிரி ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது, ஒரு கிலோ தக்காளிக்கு ஆகும். அதை எடுக்கிற செலவே அதைவிட அதிகம் என்று விட்டுவிட்டேன்.

சீட்டு நாளில் கோயிலுக்கு எதிரே ஊர் கூடியது. நைனா வெள்ளை வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வலை பழசு, ஆனால் சொந்தம். கரையில் புதுப் படகு நின்றது, பின்பக்கம் இன்ஜின் மாட்டும் இடம் காலியாக.

பேர் வாசிக்கும்போது ஒருவன் குரல் கொடுத்தான். "இன்ஜின் இல்லாம அது இன்னா படகு? மாட்டுக்குத் தண்ணி காட்டலாம்!"

சிரிப்பு. நைனா எழுந்தார். "படகும் வலையும் இருக்கணும். அவ்ளோதான சட்டம்? இன்ஜின்னு எங்க கீது, காட்டு."

"அந்தக் காலத்துச் சட்டம்ணா அது. அப்ப இன்ஜினே கெடையாது."

"அப்ப நம்ம அப்பனுங்கல்லாம் மாட்டுத் தொட்டிலதான் மீன் புடிச்சானுங்களா? உன் அப்பனும் சேத்து?"

இந்தத் தடவை சிரிப்பு மறுபக்கம் போனது. ஊர்த் தலைவர் சித்தப்பாவைப் பார்த்தார். எதையும் நம்பாத சித்தப்பா வாயில் வெற்றிலையோடு, "நேரத்துக்குப் போய்ச் சேந்தா போதும்பா. எப்பிடிப் போறான்னு நமக்கு இன்னா?" என்றார். சொம்புக்குள் நைனாவின் பேரும் விழுந்தது. குலுக்கினதில் கடைசிக்குப் பக்கத்தில் வந்தது. கடைசியாக இருந்தாலும் வரிசைதான்.

அவர் முறை வந்த நாள் எனக்கு விடுமுறை. மற்றவர்கள் வெயில் சாய்ந்த பிறகு இன்ஜினை முடுக்கிப் போவார்கள். நைனா மதியம் சாப்பிட்ட கையோடு கிளம்ப வேண்டியிருந்தது. வலையும் அதைக் கட்டும் கழிகளும் ஏற்றி, சித்தப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டார். பாட்டுக்குப் பெண்ணை ஏற்றிப் போகும் வழக்கமில்லை. மணல்திட்டு வரைக்கும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். அம்மா கரையிலிருந்து, "கால நனைக்காத!" என்று கத்தினாள். ஆறின காலைத்தான் சொன்னாள்.

இன்ஜின் இல்லாத படகில் நான் ஏறி எத்தனையோ வருஷம் இருக்கும். சத்தமே இல்லை. கழி சேற்றில் இறங்கும், உருவும், சொட்டும். தண்ணீருக்குள் எங்கள் நிழல் பக்கத்திலேயே வந்தது. மேலே மேகம், கீழே அதே மேகம், நடுவே நாங்கள் எதன்மேலும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தோம். பூநாரைக் கூட்டம் எழும்பக்கூட இல்லை, கொஞ்சம் விலகி வழிவிட்டது. எனக்குத் தூக்கம் மாதிரி வந்தது. ஆனால் நைனாவின் முதுகைப் பார்த்தால் தூக்கம் போய்விடும். சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஒவ்வொரு தள்ளுக்கும் அந்தக் கால் லேசாக நடுங்கியது. இன்ஜின் இருந்தால் இது கிடையாது. இந்த அழகை நான் யாருக்கும் விற்க மாட்டேன், யாரும் எனக்கு விற்கவும் வேண்டாம். ஒரு இன்ஜின் கொடுத்தால் போதும்.

நனையாமல் இருக்கட்டும் என்று போனை என்னிடம் கொடுத்து, திரும்பும்போது ஏற்றிக்கொள்வதாகச் சொல்லித் திட்டில் இறக்கிவிட்டு அவர்கள் போனார்கள். படகு சின்னதாகிக்கொண்டிருந்தபோது என் கையிலிருந்த நைனாவின் போன் அதிர்ந்தது. எங்கள் நெட்வொர்க்தான். கணக்கில் ஒட்டியிருந்த பிசிறை அது மறக்கவில்லை. இந்த மாதப் பிரிப்பு என்று வட்டம் போட்டு அனுப்பியிருந்தது. ஏறக்குறைய முழுவதும் மஞ்சள். 'சரி', 'வேண்டாம்'.

"நைனா!" என்று கத்தினேன். "மஞ்ச இன்னும் வேணும்ங்குது!"

அவர் திரும்பவில்லை. குரல் மட்டும் தண்ணீரின் மேல் தவழ்ந்து வந்தது.

"இன்னிக்கி என் முறை. அத்த ஓரமா நிக்கச் சொல்லு!"

சித்தப்பா சிரிப்பது கேட்டது. நான் எதையும் அழுத்தவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு பார்த்தபடி நின்றேன். பாட்டு இடத்துக்குப் போய்ச் சேர்ந்து நைனா எழுந்து நின்றார், வலை கட்டும் முதல் கழியைத் தூக்கிச் சேற்றில் குத்தினார். கை இறங்கியது தெரிந்தது. சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.